பதினொண்ணாவது வீட்டில் நின்ற பெட்டி

உள்ள என்ன இருக்குன்னு எழுதோணுமா? எழுதிக்குங்க அம்மிணி. ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு, பழசு. குறடு ஒண்ணு, அதும் பழசு. கார்பன் பிரஷ் தேய்க்கிற உப்புத்தாள் ஒரு கட்டு, பாதி தேய்ஞ்சது. சுருக்கமா சொல்லப்போனா எல்லாமே பழசுதானுங்க. புதுசுன்னு பார்த்தா இன்சுலேசன் டேப் ஒண்ணே ஒண்ணு. அது நான் போட்டது.

மேல இருக்கறதா? அது சந்தனம். அதுக்கு மேல குங்குமம். அது பொட்டிக்கு வெளியதான இருக்குது, எழுத வேண்டாம்.

அனுப்பறவர் பேரு திருமூர்த்தி. ஒண்டிப்புதூர், மோட்டார் வைண்டிங் கடை.

ஏனுங்க, பேனாவக் கீழ வச்சுட்டீங்க?

ஆமாங்க. அதே திருமூர்த்திதான். ரெண்டு வாரமா இந்தக் கொரியர் ஆபீசுல நீங்க தேடிட்டிருக்கற பார்சலும் இதுதான்.

மெதுவா, மெதுவா. மேனேஜர் சார் சாப்புடப் போறதப் பார்த்துட்டுத்தான் நான் உள்ளயே வந்தேன். கோவம் நாயமானதுதான். ஆனா விசயத்தக் கேட்டுட்டுக் கோவப்படுங்க. எனக்கும் உங்ககிட்ட ஒரு சின்ன உதவி ஆகவேண்டியிருக்குது. அதக் கடைசில சொல்றேன்.

எங்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்குதுங்க. பேரு 'கழட்டிப் பார்ப்போம்'. மிக்ஸி, கிரைண்டர், ஃபேனு, அயர்ன் பாக்ஸ், எது ஓடாட்டியும் அதுல கேக்கலாம். முந்நூத்திச் சொச்சம் பேரு. அஞ்சு வருசம் முன்னாடி ஆரம்பிச்சது நான். ஆரம்பிச்சதுன்னா, நானும் நாகர்கோவில் செல்வினும். ஆனா பட்டனை அமுத்துனது நான்.

கூட்டம்னு ஒண்ணு சேர்ந்தா மொறைன்னு ஒண்ணு வேணுமில்லீங்களா? அதெல்லாம் நான் போட்டதுதான். கேள்வி கேக்கறவன் மொதல்ல கழட்டுன ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு துணி மேல வரிசையா வச்சு போட்டோ போடோணும். எடுத்த வரிசையிலயே வைக்கோணும். அப்பத்தான் எது காணோம்னு தெரியும். சரியாயிடுச்சுன்னா நன்றி, வணக்கம், கும்புடற பொம்மை எதுவும் போடக்கூடாது. மிசின் ஓடற சத்தத்தப் பத்து நிமிசம் இல்ல, பத்து செகண்டு ரெக்கார்டு பண்ணிப் போடோணும். யாரு சொன்ன பதில்ல ஓடுச்சோ அவங்களுக்கு ஒரு ஸ்பேனர் பொம்மை. அவ்வளவுதான். வளவளப்பு கூடாது.

வருசத்துக்கு ஒருக்கா சுத்துப்பொட்டி. அதும் என் யோசனைதான். குரூப்புல நல்லா ஒழைச்ச ஒருத்தருக்கு எல்லாரும் சேர்ந்து பரிசு. ஆனா கடைல வாங்கிக் குடுக்கக்கூடாது. ஒரு காலிப் பொட்டி மொத வீட்டுல கிளம்பும். அவங்க தங்கிட்ட இருக்கற ஒரு சாமானப் போட்டு, துண்டுச்சீட்டுல ரெண்டு வரி எழுதி, அடுத்த வீட்டுக்கு கொரியர் போடுவாங்க. இப்படியே பதினொரு வீடு. பன்னெண்டாவது வீடு பரிசு வாங்கறவங்க வீடு. போடற சாமான் தானே பொழங்குனதா இருக்கோணும். அது இல்லாட்டி நாளைக்கு நமக்கே கை ஒடிஞ்ச மாதிரி இருக்கோணும்.

டேப்பா? டேப்பு புதுசுதான். ஒருக்கா பொழங்கிட்டா அப்புறம் அது டேப்பே இல்லீங்களே அம்மிணி.

ஆயுத பூஜை அன்னைக்கு பொட்டி போய்ச் சேர்ந்துரோணும். வாங்கறவங்க அத பூஜைல வச்சு, அப்புறம் பிரிச்சு போட்டோ போடுவாங்க. நாலு வருசம் நாலு பேருக்குப் போச்சு. மொத வருசம் ஆரம்பிச்சவனே வாங்குனா நல்லாருக்காதுன்னு நான் ஒதுங்கிட்டேன். ரெண்டாவது வருசம் ஜனங்களே சொல்லட்டும்னு இருந்தேன். மூணாவது, நாலாவது வருசமும் ஜனங்களே சொல்லட்டும்னு இருந்தேன். ஜனங்க நல்லா யோசிக்கற ஜனங்க போலிருக்குது.

இந்த வருசம் எனக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும்னா, எனக்குத் தெரியும். ஸ்பேனர் பொம்மை எங்கிட்டத்தான் அதிகம். எண்ணூத்தி அறுபத்தி மூணு. அதுக்கு அடுத்தவன் செல்வின், அவன் ஐநூறத் தாண்டல.

அப்பத்தான் இந்த மரகதவல்லி வந்து சேருது.

துறையூர்ல தையக்கடை வச்சிருக்குது. வயசு ஒரு அம்பது இருக்கும். குரூப்புக்கு வந்து பதினாலு மாசந்தான் ஆச்சு. தையல் மிசின் மோட்டார் ஓடலைன்னு கேள்வி கேட்டுக்கிட்டு வந்த பொம்பளைங்க அது. பதில் சொன்னதே நான்தான். 'பெல்ட் இறுக்கம், தளர்த்து'ன்னு எழுதுனேன். மூணே வார்த்தை. ஓடிருச்சு. சத்தம் போட்டுச்சு. அதோட போயிருக்கலாமில்ல? போகல. உக்காந்துக்கிச்சு. ரெண்டு மாசத்துல அதுவே மத்தவங்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சுருச்சு.

பதில்னா எழுதறதில்ல. குரல்ல. மூணு நிமிசம், நாலு நிமிசம். "பயப்படாதீங்க தம்பி, ஒண்ணும் ஆகல. மொதல்ல பிளக்கப் புடுங்கிடுங்க. புடுங்கிட்டீங்களா? சாப்புட்டீங்களா? சாப்புட்டுட்டே வாங்க, மிசின் எங்கயும் ஓடிறாது." இதெல்லாம் ஒரு பதிலா? ஓடலைன்னுதான அவன் கேள்வியே கேக்கறான்?

நான் சுருக்கமா எழுதறவனுங்க. பத்தாவது நைட் ஸ்கூல்ல படிச்சது. பகல்ல வைண்டிங் பட்டறை, சாயங்காலம் பள்ளிக்கூடம். அங்க ஒம்பது மணிக்கு லைட்ட நிறுத்திப்போடுவாங்க, பரிச்சையா இருந்தாலும் நிறுத்துவாங்க. அதனால ரெண்டு வரில பதில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். அதுல பாஸும் ஆயிட்டேன்.

ஒரு நாள் மேலப்பாளையம் முபாரக்குன்னு ஒருத்தன் டேபிள் ஃபேன் மெதுவா சுத்துதுன்னு போடறான். நான் 'கெப்பாசிட்டர்'னு எழுதுனேன். பதினொரு செகண்டுல எழுதுனேன், பார்த்துக்குங்க. அஞ்சு நிமிசம் கழிச்சு அந்தம்மா குரல் வருது. "கையால சுத்திப் பாருங்க, லேசா சுத்துதா? அப்ப தண்டு நல்லாருக்கு. எண்ணெய் விட்டுப் பாருங்க. அப்பவும் மெதுவாத்தான்னா, கெப்பாசிட்டரா இருக்கலாம் தம்பி." நான் சொன்னதும் கெப்பாசிட்டர். அது சொன்னதும் கெப்பாசிட்டர். அவன் ஸ்பேனர யாருக்குக் குடுத்தாங்கறீங்க?

கேட்டதுக்கு, "அண்ணே, நீங்க சொன்னது புரிஞ்சுது, ஆனா அவங்க சொன்னப்பத்தான் கழட்டத் தைரியம் வந்துச்சு"ங்கறான். ஃபேனு கழட்டறதுக்கு என்னங்க தைரியம்? புலியா அது?

எனக்குப் பொறாமைன்னு நெனைக்காதீங்க. மொறை மீறுனா எனக்குப் புடிக்காது, அவ்வளவுதான். அது குரல்ல பேசுன பொறவு எல்லாரும் குரல்ல பேச ஆரம்பிச்சாங்க. சத்தத்துக்குக் கீழ 'நன்றிம்மா'ன்னு எழுத ஆரம்பிச்சாங்க. நான் மூணு தடவ எச்சரிக்கை போட்டேன். நாலாவது தடவ அதுவே போட்டுச்சு, "திருமூர்த்தி அண்ணன் சொல்றது சரிதான், எல்லாரும் மொறைப்படி நடந்துக்கலாம்"னு. அதுக்குக் கீழ நாப்பது பேரு 'சரிங்கம்மா'ன்னு போட்டிருக்கான். நான் மூணு தடவ சொன்னப்ப ஒருத்தன் சரிங்கல.

ஆனி மாசம் பேரு குடுக்கறது. யாருக்குப் பொட்டி போகோணும்னு எல்லாரும் எனக்குத் தனியா அனுப்போணும். எண்ணறது நான். மரகதவல்லிக்கு நூத்தி நாப்பத்தி ரெண்டு. எனக்கு ரெண்டு.

ரெண்டுல ஒண்ணு நான் போட்டது.

இன்னொண்ணு யாருன்னா... அதுதானுங்க. அந்த மரகதவல்லியேதான். "இந்தக் குரூப்ப ஆரம்பிச்ச அண்ணனுக்கு இன்னும் ஒருக்காக்கூடப் போகலியே"ன்னு ஒரு வரி வேற எழுதியிருந்துச்சு. செல்வின்கூட எனக்குப் போடல, பட்டனை அமுத்தறப்ப பக்கத்துல இருந்தவன். பாருங்க, அதுலயும் அது நல்ல பேரு வாங்கிக்கிச்சு.

மாத்திச் சொல்லியிருக்கலாம். எண்ணறவன் நான்தான். சொல்லல. நாயமாத்தான் அறிவிச்சேன். என்ன, அறிவிக்க நாலு நாள் ஆச்சு.

பொட்டி நாகர்கோவில்ல கிளம்புச்சு. பதினொண்ணாவது வீடு என் வீடு. கடைசியா சரிபார்த்து ஒட்டி அனுப்பறது என் பொறுப்பு. ஆயுத பூஜைக்கு ஒம்பது நாள் முன்னாடி எங்கிட்ட வந்துருச்சு. இந்த ஆபீசு பையன்தான் கொண்டாந்து குடுத்தான்.

ஒரு நாள் வச்சிருந்து அனுப்பலாம்னுதானுங்க வாங்கி வச்சேன். முன்னாடி கடை, பின்னாடி வீடு. பொட்டிய மேசை மேல வச்சிருந்தேன். பக்கத்து டீக்கடை ரங்கநாதன் வந்து, "என்னங்ணா, பெரிய பொட்டியா வந்துருக்குது?"ன்னான். நான் "குரூப்புல எனக்குப் பரிசு"ன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல. வாய் பாட்டுக்குச் சொல்லிருச்சு. அவன் போய் எங்க வீட்ல சொல்லிட்டான்.

எங்க வீட்ல பூங்கொடின்னு பேரு. கண்ணாலம் ஆகி பத்தொம்பது வருசத்துல என் போனப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்ல. "எந்நேரமும் அதுலயே கெடங்க, யாரு பெத்த மிக்ஸியோ"ன்னுதான் சொல்லும். அன்னைக்கு வந்து பொட்டியத் தொட்டுப் பாத்துட்டு, "உங்களுக்கா? எல்லாரும் சேர்ந்தா?"ன்னுச்சு. பக்கத்து வீட்டுக்காரம்மாவக் கூட்டியாந்து காட்டுச்சு. அந்தம்மா அவங்க அண்ணியக் கூட்டியாந்துச்சு. பொட்டி தெறந்துட்டாங்க. நாந்தான் தெறந்து காட்டுனேன், வேற என்ன பண்றது? செல்வின் போட்ட ஸ்க்ரூ டிரைவர் இருக்குது பாருங்க, மஞ்சப் புடி, அவன் கை பட்டுப் பட்டுப் புடி வழுவழுன்னு இருக்குது. அதுல எங்க வீட்ல குக்கர் கைப்புடிய முடுக்கிப் பார்த்துச்சு. நல்லாப் புடிக்குதுங்க. அவன் போன வருசம் பொட்டிக்கு என்ன போட்டான் தெரியுமா? ஃப்யூஸ் கம்பி. இந்தம்மாவுக்குன்னா ஸ்க்ரூ டிரைவர்.

இனி எப்படிங்க அனுப்பறது? அனுப்புனா வீட்ல தெரியும். அனுப்பாட்டி குரூப்புல தெரியும். குரூப்பு தூரத்துல இருக்குது, வீடு பக்கத்துல இருக்குது. அதனால, அனுப்பிட்டேன்னு குரூப்புல போட்டுட்டேன்.

ஆயுத பூஜை வந்துச்சு. எங்க வீட்ல பொட்டிக்குச் சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, சூடம் காட்டுச்சு. இதோ, இதுதான். சாயங்காலம் குரூப்புல பார்த்தா துறையூர்ல இருந்து போட்டோ. தையல் மிசினுக்கெல்லாம் பொட்டு வச்சு, பொரி வச்சு, நடுவுல ஒரு மணையக் காலியா விட்டிருக்குது. "பொட்டி நாளைக்கு வந்தாலும் வைக்கலாம், அதனால மணைய எடுக்கல"ன்னு எழுதியிருந்துச்சு.

அதுக்கு நானும் ஒரு பூப் பொம்மை போட்டேனுங்க. போடாட்டி நல்லாருக்காது.

அடுத்த நாள்தான் கொரியர்காரங்க தொலைச்சுட்டாங்க போலன்னு எழுதுனேன். ஆமா, உங்க ஆபீசு பேரும் எழுதுனேன். போன் நம்பரும் போட்டேன். மொறைப்படி எல்லா விவரமும் குடுக்கறது எனக்குப் பழக்கமாயிருச்சு.

உடனே நம்ம செல்வின், "வாங்க, இதும் ஒரு ரிப்பேர்தான். சப்ளை எதுவரைக்கும் வருதுன்னு பாப்போம். எல்லாரும் கொரியர் சிலிப்ப வரிசையா போடுங்க"ன்னுட்டான். ஸ்க்ரூவ வரிசையா வைக்கற மாதிரி. நான் போட்ட மொறை. மொத வீடு சிலிப்பு, ரெண்டாவது வீடு, மூணாவது வீடு, ஒண்ணு பின்னால ஒண்ணா வருது. பத்தாவது வீடு முபாரக்கு, அவன் சிலிப்பும் வந்துச்சு. அதோட நின்னுருச்சு.

ஆறு மணி நேரம் குரூப்புல ஒருத்தன் வாயத் தெறக்கல. முந்நூறு பேருங்க. காலைல இட்லி அவிஞ்சதக்கூட போட்டோ போடற கூட்டம்.

அப்புறம் அந்தம்மா குரல் வந்துச்சு. "சிலிப்பு சின்னதாத்தான் இருக்கு, எங்கயாச்சும் விழுந்திருக்கும். அண்ணன் மேல யாரும் ஒண்ணும் நெனைக்காதீங்க. அவரு போடாத பொட்டியா?" அப்படின்னுச்சு. எல்லாரும் சரிங்கம்மா, சரிங்கம்மான்னாங்க. அதுக்கப்புறம்தான் எல்லாரும் உங்களுக்குப் போன் போட ஆரம்பிச்சது.

என்னை யாராச்சும் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அதோட தயவுலயா நான் நல்லவனா இருக்கோணும்?

போன வாரம் நான் இங்க வந்தேன், தெரியுமா? நேர்ல போய் விசாரிச்சேன்னு குரூப்புல போடறதுக்காக வந்தேன். நீங்க அந்த மூலையில சாக்குப் பொட்டலத்தையெல்லாம் நகத்தித் தேடிட்டு இருந்தீங்க. மேனேஜர் சார் எல்லாரு முன்னாடியும், "திருமூர்த்தி பார்சல் எங்கம்மா? பில் போடாம வாங்கி எங்க வச்ச?"ன்னு கத்திட்டிருந்தாரு. நான் வரிசைல நாலாவது ஆளா நின்னேன். பாவமாத்தான் இருந்துச்சு. வெளிய வந்து ஒரு டீ குடிச்சேன். அப்புறம் 'விசாரித்தேன், பொறுப்பில்லாத பதில்'னு எழுதிப் போட்டேன்.

அழுகாதீங்க அம்மிணி. ஆளுங்க வந்தா என்ன நெனைப்பாங்க.

சரி, அந்த உதவி. பெருசா ஒண்ணுமில்ல. இந்தப் பொட்டிய இன்னைக்கு எடுத்துக்குங்க. சிலிப்புல மட்டும் மூணு வாரத்துக்கு முந்தின தேதியப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா, பதினொண்ணாவது சிலிப்பு வந்துரும். எல்லாம் சரியாயிரும்.

கம்ப்யூட்டர் விடாதா? கையால எழுதித் தரலாமே, பழைய புஸ்தகம் இருக்குமில்ல.

என்னங்க? அப்படிக் குடுத்தா மூணு வாரமா பார்சல் இங்கயே கெடந்ததா ஆகும்... தப்பு உங்க தலைல விழும்...

ஆமா. விழும். அத நான் யோசிக்கல. யோசிக்கலைன்னா நம்பமாட்டீங்க, ஆனா நெசமாலுமே யோசிக்கல. ஒரு பக்க கனெக்சனையே பாத்துட்டிருந்தேன்.

ஏற்கனவே மெமோ குடுத்துட்டாரா? நாளைக்குள்ள பதில் எழுதோணுமா? அப்புறம் வேலை...

இது யாரு எழுத்துங்க? உங்க போன்ல எதுக்குக் காட்டறீங்க? இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

"துறையூர் மரகதவல்லி ஆகிய நான் எழுதிக்கொள்வது. எனக்கு வரவேண்டிய பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டது. தாமதத்துக்குத் தங்கள் அலுவலகப் பெண் காரணம் அல்ல."

வந்து சேர்ந்துருச்சா? இதோ உங்க மேசை மேல இருக்குதே!

அதுவே போன் பண்ணிச்சா? தெனமுமா? பொட்டியப் பத்திக் கேக்கறதில்லையா? பின்ன என்னத்தக் கேக்குது? சாப்ட்டியா கண்ணுன்னு கேக்குதா... அந்த பில் அடிக்கற மிசின் பேப்பர் சிக்குறதுக்குக்கூட வழி சொல்லிச்சா? என்னன்னு சொல்லிச்சு? ரோலரத் துணி வச்சுத் தொடைக்கச் சொல்லிச்சா?

சரிதான். அதுதான் செய்யோணும்.

உங்களையும் புடிச்சுக்கிச்சு பாத்தீங்களா. என் ஊரு கொரியர் ஆபீசு. எனக்குப் பத்து நிமிச நடை.

இருங்க, யோசிக்கறேன். இந்தக் கடுதாசிய நீங்க மேனேஜர்கிட்ட காட்டுனா மெமோ போயிரும். குரூப்புலயும் வந்துருச்சுன்னு அதுவே சொல்லிடும். என்னையும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பொட்டி எங்க வீட்டு மேசை மேலயே இருக்கலாம். பூங்கொடிகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். யாருக்கும் சேதாரமில்ல. நான் எந்திரிச்சு, இதத் தூக்கிட்டுப் போனாப் போதும்.

எழுத்தப் பாருங்களேன். குண்டு குண்டா, கோடு போட்ட மாதிரி. பொய் எழுதறப்பக்கூட ஒரு அடிச்சல் திருத்தல் இல்ல.

விடமாட்டேனுங்க.

உங்களையும் அது காப்பாத்தோணும், என்னையும் அது காப்பாத்தோணும், பொட்டியையும் எனக்கு அது விட்டுக்குடுக்கோணும். பொட்டி வேற யாருக்குப் போயிருந்தாலும் போய்த் தொலையட்டும்னு பொறுத்துருப்பேன். இந்த நல்ல பேரையும் அதுக்கு நான் குடுக்கமாட்டேன். அந்தக் கடுதாசிய அழிச்சுப்போடுங்க. அழிங்கறேன்.

எழுதுங்க. இன்னைக்குத் தேதியே போடுங்க. நல்லாத் தெரியற மாதிரி. அந்தச் சிலிப்பத்தான் குரூப்புல போடப்போறேன், பதினொண்ணாவதா. கீழ ஒண்ணும் எழுதப்போறதில்ல. தேதியப் பார்த்தா அவங்களே எங்க கட் ஆச்சுன்னு கண்டுபுடிச்சுக்குவாங்க, நான் பழக்குன கூட்டந்தான. உங்க மேனேஜருக்கும் ஒரு பேப்பர் குடுங்க, பார்சல் இன்னைக்குத்தான் குடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். என் எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும். ஆனா அதுல இருக்கறது நெசம்.

வீட்லயா? வீட்ல என்ன சொல்றதுன்னு போற வழில யோசிக்கறேன். பத்து நிமிச நடைதான். பத்தாது.

துறையூர் நம்பரா? எழுதிக்குங்க. ஒம்பது நாலு நாலு... பார்த்தெல்லாம் சொல்ல வேண்டியதில்ல, மனப்பாடமாத்தான் இருக்குது. அனுப்பறவர் பேரக் கொஞ்சம் பெருசாவே எழுதுங்க அம்மிணி. அது எடுத்தவொடனே கண்ணுல படோணும்.

எப்பப் போய்ச் சேரும்? நாளைக்கேவா? காலைலயேவா? துறையூருக்கா? கொஞ்சம் மெதுவாப் போறது இல்லீங்களா? சாதாப் பார்சல்னா நாலு நாளா... அது போதும், அதுல போட்ருங்க.

இல்ல, இருங்க. வேகமாப் போறதுலயே போடுங்க. லேட்டானா அதுக்கும் உங்களத்தான் திட்டுவாங்க.